கல்லும் கஞ்சியும்

முன்னேஸ்வரம் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். 18ஆம் நூற்றாண்டில் அது மீண்டும் எழுந்தது. கல்லைத் தகர்த்தால் நினைவும் தகருமென்பது ஆள்வோரின் பழைய மயக்கம்.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் மடிந்தோருக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுந்த நினைவுத்தூபி, 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாநோன்பிருந்தனர், ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது.

இனப்படுகொலைக்கு இரையானோரின் சின்னம் எவ்வாறு அமைதல் வேண்டும்? நாஜிகள் கொன்ற யூதர்களுக்காக 2005இல் பெர்லினில் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் பாளங்கள் உள்ளன. அவற்றில் ஒரு பெயருமில்லை. பெயர்களை அறிய நிலத்தடிக் கூடத்துள் இறங்க வேண்டும். கல் நம்மைத் திகைக்கவைக்கும்; பெயரோ ஒரு மனிதனை நம்முன் நிறுத்தும்.

நம் மக்கள் கல்லின்றியும் ஒரு சின்னம் கண்டனர். முற்றுகையில் உயிர்காத்த உப்புக்கஞ்சியை ஆண்டுதோறும் மே மாதத்தில் தெருவிற் காய்ச்சி வழங்குகின்றனர். அதை இடிக்க இயலாது. 2024இல் சம்பூரில் கஞ்சி வழங்கியோர் கைதாயினர், அடுப்புகள் அணையவில்லை.

ஆகவே, நாளைய சின்னம் பெயர்ப்பட்டியலிலிருந்து தொடங்குக. அதன் முற்றத்தில் அடுப்பு மூட்டவும் இடமிருக்கட்டும். 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஒதுங்கிய முஸ்லிம் மக்களும் அம்முற்றத்தில் அமர்ந்து தம் துயர் கூற வேண்டும். அவர்களுக்கு இடமளிக்காத சின்னத்தை நாம் எழுப்புதல் தகாது.