சர்டிஃபிகேட்டை நம்பாதீங்க... காகிதத்தைப் பாருங்க!

இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் மெடல், ராணுவ ஆவணங்களைச் சேகரிக்கிறவங்களுக்குப் பெரிய பொறியே, கூடவே வர்ற 'ஒரிஜினல்' சர்டிஃபிகேட்தான். ஜெர்மனியின் கொன்ராட் குயாவ் போலிப் பொருளோடு சான்றிதழையும் தானே எழுதி விற்ற ஆள். அவர் எழுதிய 'ஹிட்லர் டைரி'களுக்கு 'ஷ்டெர்ன்' பத்திரிகை சுமார் 93 லட்சம் மார்க் கொட்டிக்கொடுத்தது. கையெழுத்து நிபுணர்களும் ஓகே சொன்னார்கள். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே குயாவ் எழுதியவை இருந்தால், பொருந்தாமல் என்ன செய்யும்? 1983-ல் காட்டிக்கொடுத்தது காகிதம். போருக்குப் பிறகே புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி அதில் இருந்தது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். இருட்டில் யுவி டார்ச் அடிங்க. தாள் பளிச்னு நீலமா ஒளிர்ந்தா சந்தேகப்படுங்க. (ஒளிரலைன்னா ஒரிஜினல்னு அர்த்தமில்லை. பழைய வெற்றுத்தாளைத் தேடிப்பிடிச்சு எழுதுற கில்லாடிகளும் உண்டு!) சிப்பாயின் சம்பளப் புத்தகத்தில் பல வருஷப் பதிவுகளும் ஒரே கையெழுத்து, ஒரே மையில் இருந்தாலும் உஷார்.

1939 அயர்ன் கிராஸ் பெரும்பாலும் மூணு துண்டு: நடுவில் இரும்பு, இருபுறமும் வெள்ளி ஃபிரேம். விளிம்பில் இணைப்புக் கோடு தெரியுதான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. ஸ்வஸ்திகாவுக்குப் பதில் ஓக் இலை இருந்தா போலின்னு தூக்கிப்போட வேண்டாம். அது 1957-ல் மேற்கு ஜெர்மனி சட்டப்படி அனுமதித்த வடிவம். ஆனா, போர்க்கால விலை கேட்டா கொடுத்துடாதீங்க.