சிங்கவரம் டு சிங்கப்பூர்... கல்யாணம் முடிந்த கையோடு ஃபிளைட் ஏறப்போறீங்களா?

செஞ்சிப் பக்கம் பிறந்தவர்களுக்கு தேசிங்கு ராஜன் கதையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், அந்தக் கதையில் ஒரு விஷயம் நம் கண்ணிலேயே படுவதில்லை. தேசிங்கும் அவருடைய ராணியும் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. வடக்கே புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர்கள். செஞ்சிக் கோட்டையை நிர்வகித்துவந்த அப்பா ஸ்வரூப் சிங் 1714-ல் இறந்துபோக, மகன் தேஜ் சிங் அந்தப் பொறுப்புக்கு வந்தார். 'தேஜ் சிங்' நம்ம ஊர் வாயில் 'தேசிங்கு' ஆகிவிட்டது. அதே வருடமே ஆற்காடு நவாப் படையோடு நடந்த சண்டையில் அவர் இறந்துவிட, ராணி உடன்கட்டை ஏறினார் என்பது வரலாறு. சண்டைக்குப் போகும் முன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர்க்கதை.

சரி, மொழி தெரியாத ஊரில் அந்த ராணிக்கு யார் பேச்சுத்துணை? அதை யாரும் கேட்பதில்லை!

முந்நூறு வருடம் கழித்து, அதே கேள்வி வேறு மாதிரி வருகிறது. மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. பொண்ணு சென்னையில் நல்ல கம்பெனியில் இருக்கிறாள். கல்யாணம், மறுவீடு, ஃபிளைட். "அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று வேலையை விட்டுவிட்டுக் கிளம்புகிறாள். இந்த 'அங்க போய்ப் பார்த்துக்கலாம்'தான் பிரச்னையே. போகும் முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. (மனைவிக்கு வேலை கிடைத்து, கணவர் கூடப் போகிற ஜோடிகளும் உண்டு. கீழே சொல்வதெல்லாம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.)

முதலில் பேப்பர்

கோயிலில் கல்யாணம் செய்த ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் வெளிநாட்டில் செல்லாது. அரசின் திருமணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி, எந்த மதமாக இருந்தாலும் திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம். பாஸ்போர்ட், ஆதார், சான்றிதழ் மூன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியலை முன்னால் போடுவதும், அப்பா பெயரைப் பின்னால் விரித்து எழுதுவதும் சகஜம். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு அந்த சகஜமெல்லாம் தெரியாது.

சிங்கப்பூரில் கணவருக்கு இருப்பது என்ன பாஸ் என்பது அடுத்த கேள்வி. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருப்பவர், மாத நிலையான சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே மனைவியை டிபெண்டன்ட்ஸ் பாஸில் அழைத்துக்கொள்ள முடியும். பாஸுக்கு விண்ணப்பிப்பதும் அவருடைய கம்பெனிதான். அப்பா, அம்மாவை நீண்டகால விசிட் பாஸில் கூட்டிப்போக வேண்டும் என்றால் சம்பளம் 12,000 வெள்ளி. இந்த வரம்புகள் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

வொர்க் பெர்மிட்டில் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறவர்களுக்கு இந்த வாய்ப்பே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் புல்வெளியில் உட்கார்ந்து வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும் அண்ணன்களைப் பார்ப்பீர்கள். அவர்களுடைய குடித்தனம் முழுக்க அந்த போனுக்குள்தான். சேர்ந்து வாழப்போகும் ஜோடிகள் சின்னச் சின்ன விஷயத்துக்குச் சலித்துக்கொள்ளும்போது அவர்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சமைக்கலாமா, கூடாதா?

சிங்கப்பூரில் பெரும்பாலான மக்கள் வசிப்பது 'ஹெச்.டி.பி' எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில். வெளிநாட்டினர் இவற்றை வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் குறைந்தது 6 மாத ஒப்பந்தம் வேண்டும். வாரக் கணக்கில் எடுப்பது சட்டப்படி தவறு. வாடகைக்கு அனுமதி வாங்கிய வீடுதானா என்பதையும் ஏஜென்டின் பதிவு எண்ணையும் ஆன்லைனிலேயே பார்த்துவிடலாம். வீட்டைப் பார்க்காமல், வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை நம்பி அட்வான்ஸ் அனுப்பாதீர்கள், ப்ளீஸ்.

விளம்பரங்களில் 'லைட் குக்கிங் ஒன்லி' என்றிருந்தால், நூடுல்ஸ் வேகவைக்கலாம், மீன் குழம்பு வைக்க முடியாது என்று அர்த்தம். 'நோ குக்கிங்' என்றால் சுடுதண்ணிதான். நம்ம ஆளுங்க முதல் மாதம் சண்டை போடுவது பெரும்பாலும் இதில்தான். ஒரு அறையை மட்டும் வாடகைக்கு எடுத்துவிட்டு, வீட்டு ஓனரம்மா தூங்கப்போகும் நேரத்தில் தாளிக்க முடியாது. இந்தியர்களுக்கு வீடு தரமாட்டோம் என்று வெளிப்படையாக எழுதிய விளம்பரங்களும் அங்கே செய்தியாகியிருக்கின்றன. மனசு கஷ்டப்படும். அதற்காக எழுதிய மனுஷனிடம் வாதாடி நேரத்தை வீணாக்காமல் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை போய் நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால், மீதி மாதங்களுக்கான வாடகையைக் கட்டாமல் வெளியே வர உதவும் ஷரத்து அது. பொதுவாக முதல் வருடம் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். ஒப்பந்தத்துக்கான முத்திரைத் தீர்வை வாடகைதாரர் தலையில் என்பதையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், கேன் தேவையில்லை. பழைய ஹெச்.டி.பி-யில் துணி காயப்போடுவது ஜன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழியில். ஈரத்துணியோடு அதைத் தூக்கிச் சொருகுவது தனி வித்தை. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையிலிருந்து வாழைப்பூ வரை கிடைக்கும், விலையை மட்டும் ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள். பார்த்தால் சாப்பாடு இறங்காது. உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துவைக்க வேண்டும், 2021 முதல் அது சட்டம். சர்க்கரை இல்லாத பால் டீ வேண்டுமா? 'தே சி கோசோங்' என்று கேளுங்கள். எம்.ஆர்.டி ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் 500 வெள்ளி வரை. சூயிங்கம், வேப் இரண்டும் பெட்டியில் இருக்கவே கூடாது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

காலை 9 மணிக்கு மேல்...

கணவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் இருப்பவரின் பகல் ரொம்ப நீளம். அங்கே காலை 9 மணி என்றால் செஞ்சியில் 6.30. அம்மா அப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார். பேச ஆள் இல்லை. வேலை தேடலாம் என்றால், அங்கேதான் விதி இடிக்கிறது. 2021 மே மாதம் முதல், டிபெண்டன்ட்ஸ் பாஸில் இருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமானால், அந்த கம்பெனி அவருக்கென்று தனி வேலை பாஸ் வாங்க வேண்டும். முன்பு இருந்த எளிய அனுமதிக் கடிதம் இப்போது சொந்தத் தொழில் நடத்தும் சிலருக்கு மட்டுமே. வீட்டிலேயே டியூஷன், டிபன் ஆர்டர் என்று இறங்குவதற்கு முன்பும் விதியைப் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா செய்கிறார் என்பது காரணமாகாது, அவர் அந்த நாட்டுப் பிரஜையாக இருக்கலாம்.

அதனால் ஒரு யோசனை. வேலையை ராஜினாமா செய்யும் முன், நீண்ட விடுப்பு கிடைக்குமா, சிங்கப்பூர் கிளைக்கு மாற்றல் உண்டா என்று உங்கள் கம்பெனியில் கேட்டுப்பாருங்கள். "அவருக்குத்தான் நல்ல சம்பளமாச்சே, நீ எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். 5 வருட அனுபவத்தோடு இருக்கும் ஒருவர் 2 வருடம் சும்மா இருந்தால் திரும்ப எங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதைக் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பது பெரிய ஆறுதல். ரயில் நிலையத்தில் ஊர்ப்பெயர் தமிழில் இருக்கும். வானொலியில் 'ஒலி 96.8', வாசிக்க 1935-ல் தொடங்கிய 'தமிழ் முரசு'. தேசிய நூலகக் கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு, உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை. சிங்கவரம் பெருமாளைத் தேடுபவர்களுக்கு சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் இருக்கிறது. தைப்பூசக் காவடி ஊர்வலம் கிளம்புவது அங்கிருந்துதான். ஆனால், தமிழ்க்காரர்களோடு மட்டுமே பழகினால் ஊர் பழகாது. லிஃப்டில் பார்க்கும் சீனப் பாட்டியிடம் ஒரு சிரிப்பாவது வையுங்கள். உங்கள் வீட்டு வாசனைக்கும் அவர் வீட்டு வாசனைக்கும் நடுவில் ஒரு சமாதானம் வேண்டும் இல்லையா?

காசு, உடம்பு, அப்புறம் சொல்லத் தயங்கும் விஷயம்

வெளிநாட்டில் குடியேறிய பிறகு ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ கணக்காக மாற்ற வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப, 2023 முதல் சிங்கப்பூரின் பே-நவ் நம்ம யு.பி.ஐ-யோடு இணைக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் மனைவி பெயரில் தனிக் கணக்கோ, ஜாயின்ட் கணக்கோ முதல் மாதமே தொடங்கிவிடுங்கள். பால் வாங்க 5 வெள்ளி வேண்டும் என்றாலும் கேட்டு வாங்கும் நிலைமை, எவ்வளவு அன்பான வீட்டிலும் சீக்கிரமே கசக்கும்.

மருத்துவத்தில் அரசு மானியம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்களுக்குக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. எனவே, ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் "குடும்பத்துக்கும் சேர்த்துக் காப்பீடு உண்டா, பிரசவம் அதில் வருமா?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டால் பில் வரும்போது மயக்கம் வரும். ஆம்புலன்ஸுக்கு 995, போலீஸுக்கு 999.

இனி, கல்யாண வீட்டில் யாரும் பேசாத விஷயம். டிபெண்டன்ட்ஸ் பாஸ் கணவரின் பாஸோடு கட்டப்பட்டது. அவருக்கு வேலை போனால் உங்கள் பாஸும் போகும். ஊரைக் காலி செய்ய வழக்கமாகக் கிடைப்பது 30 நாள் அவகாசம். இரண்டு பேரின் டிக்கெட்டுக்கும் மூன்று மாதச் செலவுக்கும் ஆன பணத்தைத் தொடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

உறவே சிக்கலானால்? பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது, அடிப்பது, ஊருக்கு லீவில் கூட்டிவந்து விட்டுவிட்டு அவர் மட்டும் திரும்பிப்போவது... இதெல்லாம் எங்கோ நடப்பது இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர்களின் திருமணப் புகார்களுக்காகவே தேசிய மகளிர் ஆணையத்தில் தனிப் பிரிவு இருக்கும் அளவுக்கு நடக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் எந்த நாட்டிலிருந்தும் புகார் பதியலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறையையும், சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தையும் அணுகலாம். அங்கேயே போலீஸிடமும் போகலாம். பாஸ் கணவர் கையில் இருக்கிறது என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். திருமணச் சான்றிதழ், டிகிரி, கம்பெனி அனுபவச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, உங்களுக்கு மட்டும் பாஸ்வேர்டு தெரிந்த மெயிலில் ஒரு காப்பி போடுங்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் இன்னொரு காப்பி. ஃபிளைட் ஏறும் அவசரத்தில் இதெல்லாம் நடக்காது. நலங்கு, ரிசப்ஷன் கலாட்டா தொடங்கும் முன்பே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.