ஆங்கில வினைகளுக்குப் பின் இன்ஃபினிட்டிவும் ஜெரண்டும்

ஆங்கிலத்தில் ஒரு வினையை அடுத்து இன்னொரு வினை வரும்போது, பின்னது பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் ஒன்றில் நிற்கும். 'டு' முன்வரும் வடிவம் இன்ஃபினிட்டிவ் ('டு கோ'). '-இங்' விகுதி பெற்றுத் தொழிற்பெயராக நிற்பது ஜெரண்ட் ('கோயிங்'). எது வரவேண்டும் என்பதை முதல் வினையே முடிவு செய்கிறது. வான்ட், ஹோப், டிசைட், ரெஃப்யூஸ் போன்றவை இன்ஃபினிட்டிவை ஏற்கும். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், டினை போன்றவற்றுக்கு ஜெரண்ட்தான். பிகின், ஸ்டார்ட், கன்டின்யூ ஆகியவற்றோடு இரண்டும் வரும்; பொருள் அவ்வளவாக மாறாது.

பழைய ஆங்கிலத்தில் 'டு' என்பது திசையையும் நோக்கத்தையும் காட்டும் சொல். வினையோடு சேரும்போது 'செய்வதற்கு' என்ற பொருளைத் தந்தது. ஜெரண்டோ அன்றைய தொழிற்பெயரிலிருந்து வளர்ந்தது. அந்தப் பிறப்புக் குறி இன்றும் அழியவில்லை: இன்ஃபினிட்டிவ் இனி நடக்க வேண்டியதைச் சுட்ட முனைகிறது, ஜெரண்ட் நடந்த அல்லது நடக்கிற செயலை ஒரு பொருள்போல் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் போலிஞ்சர் 1968இல் ஏறத்தாழ இந்த வேறுபாட்டையே முன்வைத்தார்.

இரண்டையும் ஏற்றுப் பொருளும் மாறும் வினைகளில் இது பளிச்சென்று தெரியும். 'ஐ ஃபர்காட் டு லாக் த டோர்' என்றால் கதவு பூட்டப்படவே இல்லை. 'ஐ ஃபர்காட் லாக்கிங் த டோர்' என்றால் பூட்டியாயிற்று, பூட்டியதுதான் நினைவில் இல்லை. தமிழர்களுக்கு இது புதிதன்று: பூட்ட மறந்தேன், பூட்டியதை மறந்தேன் என்று நாமும் பிரித்தே சொல்கிறோம். 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை விட்டுவிட்டான். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றான். ட்ரை என்ற வினை இன்னும் நுட்பமானது. 'ட்ரை டு ஓப்பன் த விண்டோ' என்பது இறுகிப்போன ஜன்னலோடு மல்லுக்கட்டுவது. 'ட்ரை ஓப்பனிங் த விண்டோ' என்பது புழுக்கம் குறைகிறதா என்று திறந்து பார்ப்பது.

ஆனால் இதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டால் கால் இடறும். சஜஸ்ட், கன்சிடர், போஸ்ட்போன் மூன்றும் வரப்போகும் செயலைப் பற்றியவை. இருந்தும் ஜெரண்டையே கேட்கின்றன. மேனேஜ் செய்து முடித்ததைச் சொல்கிறது, அதற்கு இன்ஃபினிட்டிவ். 'போகலாம் என்றான்' என்று நினைத்து 'ஹி சஜஸ்டெட் டு கோ' என எழுதுவது நம் மாணவர்களின் பழகிய பிழை. 'ஹி சஜஸ்டெட் கோயிங்' என்பதே சரி.

இன்னொரு பொறி 'டு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. 'லுக் ஃபார்வர்ட் டு', 'அப்ஜெக்ட் டு' ஆகியவற்றில் வரும் 'டு' வெறும் முன்னிடைச்சொல்; அதன்பின் பெயராக நிற்கும் ஜெரண்ட்தான் வரும். எனவே கடித முடிவில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று வர வேண்டும். 'டு ஹியர்' தவறு. 'அகஸ்டம்ட் டு' பின்னால் ஒரு காலத்தில் இன்ஃபினிட்டிவ் இயல்பாகவே வந்தது. இன்று ஜெரண்ட் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. சில நூற்றாண்டுகளாக நடந்துவரும் இத்தகைய இடமாற்றங்களை ஆய்வாளர்கள் ஒரே பெரும் பெயர்ச்சியின் பகுதிகளாகப் பார்க்கிறார்கள். ஓசையும் தன் பங்குக்குத் தலையிடும்: இரண்டு '-இங்' அடுத்தடுத்து வருவதை ஆங்கிலம் விரும்பாததால் 'இட் இஸ் ஸ்டார்ட்டிங் டு ரெயின்' என்பார்கள்.

ஆக, பொருள் வழிகாட்டும். முடிவு சொல்வது வழக்குதான். இதை உணர்ந்தே அகராதியாளர் ஏ. எஸ். ஹார்ன்பி, தாம் பிறரோடு சேர்ந்து தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதியில், வினைகள் எந்த அமைப்பில் வரும் என்பதையும் குறித்துக் காட்டினார். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியாக வளர்ந்தது அதுதான். புதிய வினை ஒன்றைப் படிக்கும்போது பொருளோடு நிறுத்தாமல், அதன்கீழ் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.