நெபுலாப் படப்பிடிப்பு, வீட்டு வானாய்வகத்தில்

நட்சத்திரங்களினிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசியும் திரண்ட மேகங்களாகிய நெபுலாக்களை, தனிமனிதர் தம் இல்லத்தில் நிறுவிய தொலைநோக்கியால் ஒளிப்படமாகப் பதிக்கும் கலை. 1880 செப்டெம்பர் 30 இரவில், அமெரிக்க வைத்தியர் ஹென்றி டிரேப்பர் தம் சொந்த வானாய்வகத்திலிருந்து ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தார். 1883இல் இங்கிலாந்தின் ஈலிங்கில், சுகாதாரப் பொறியியலாளரான ஆண்ட்ரூ கொமன், வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய 36 அங்குல ஆடியால் எடுத்த படமோ, கண்ணுக்குப் புலனாகாத விண்மீன்களையும் காட்டியமையால், இக்கலையின் உண்மையான ஆரம்பம் அதுவே எனல் பொருந்தும்.

இலங்கையின் வடக்கே, ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் அமைந்த வன்னிப் பெருநிலத்திலே துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டி மரங்களினிடையே மறைந்துவிடுவதால், தொலைநோக்கியின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்துவது பிரயாசையான காரியம். பிற விண்மீன்களின் நகர்வை நோக்கி அதைத் திருத்த வேண்டும். ஆயினும், டிரேப்பர், கொமன் ஆகிய இருவரின் ஊர்களில் ஒருபோதும் உதியாத கரினா நெபுலா இங்கே தென்வானில் 21 பாகை வரை உயர்கின்றது. இஃது அரிய பாக்கியமே. வாடைக் காலத்து மழைமேகம் விலகிய மாசி, பங்குனியே உகந்த பருவம். ஐதரசனின் 656.3 நனோமீற்றர்ச் செந்நிற ஒளியைச் சாதாரணக் கமெராவின் வடிகட்டி பெரும்பாலும் தடுத்துவிடுமாதலால், அவ்வடிகட்டியை அகற்றுவர். வெப்ப இரவுகளில் உணரியில் தோன்றும் பொய்ப்புள்ளிகளை, மூடியிட்டு எடுத்த இருட்படங்களால் கழித்து, எஞ்சிய பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பர்.