வக்குசும் நேர்த்தியும்

நாம் இங்கு வந்து சேருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இந்நாட்டில் தமிழ் எழுத்து இருந்தது. 1836ஆம் ஆண்டளவில், ஒக்லாந்துக்கு வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஃபாங்கரேப் பகுதியில், மதப் பணியாளரும் அச்சாளருமான வில்லியம் கொலென்சோ, மாவோரி மக்கள் ஒரு வெண்கலக் கலத்தில் உருளைக்கிழங்கு அவிப்பதைக் கண்டார். அது விளிம்புடைந்த கப்பல் மணி. இரும்புப் பானையொன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டார். இன்று அது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதன் வாசகத்தை 'முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என வாசிப்பர். இதைக் காட்டி, 1769இல் குக் வருமுன்னரே தமிழர் இங்கு வந்தனர் என மேடைகளில் முழங்குவோர் உண்டு. மணி வந்ததற்கே மணி சான்று. கொண்டுவந்தவர் யாரென அது கூறவில்லை. எமக்கு அதனினும் பெரிது 'வக்குசு' என்ற சொல்.

இது பாரசீகத்தின் 'பக்ஷ்'. அருளப்பெற்ற கொடை என்பது பொருள். கடைத்தெருவில் வழங்கும் 'பக்சீசு'ம் அவ்வேரில் முளைத்ததே! முகையதீன் என்பது 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர்; தமிழ் முஸ்லிம்கள் அவரை முகையதீன் ஆண்டவர் எனப் போற்றுவர். ஆகவே அப்பெயர் கப்பலினதாயினும் கப்பற்காரரினதாயினும், 'முகையதீன் தந்தருளியது' என்றே பொருள்படும். நன்றியே பெயராகிவிட்டது.

கொடை அங்கிருந்து வருமாயின், இங்கிருந்து செல்வதற்கு எம்மிடம் என்ன சொல் உண்டு? அர்ப்பணமும் சமர்ப்பணமும் வடமொழிவழி வந்தவை; நூல் முகப்புக்கும் மேடைக்கும் உரியன. வீட்டுச் சொல் 'நேர்த்தி'. நேர்தலாவது உடன்படுதல், கொடுக்க இசைதல். முஸ்லிம்கள் 'நேர்ச்சை' என்பர், வேர் ஒன்றே. இசைந்ததைக் கொடுத்தேயாக வேண்டும் என்பதால் அதனுடன் கடனும் ஒட்டிக்கொண்டு 'நேர்த்திக்கடன்' ஆயிற்று.

பிள்ளை உயிரோடு கரைசேர வேண்டுமென நல்லூரிலும் மடுவிலும் நேர்ந்துவிட்டுப் புறப்பட்டோர் எம்மிடையே பலர். காவடி எடுக்கவேண்டியவர் ஒக்லாந்தில் இருக்க, ஊரிலுள்ள சகோதரிக்குப் பணம் அனுப்பி அருச்சனை செய்விப்பதும் நடக்கிறது. பொருள் சேர்ந்தால் கடன் தீரும் என்பர் ஒரு சாரார். நேர்ந்தவர் தாமே செல்லவேண்டும் என்பர் மறுசாரார். 'நேர்' என்பது முகத்துக்கு முகம் நிற்றலையும் குறிக்குமாதலால், எமது மனம் பின்னவர் பக்கமே சாய்கிறது.