வெள்ளைக்கு இருபதா, பத்தா? - தெரு கேரம் கணக்குக்கு ஆதாரம் எது?

கேரமில் வெள்ளைக் காய்க்கு எத்தனை பாயிண்ட்? வடசென்னையில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் இருபது என்பார், இன்னொருவர் பத்து என்பார். மூன்றாவது ஆள், "பாயிண்ட்ஸ் எல்லாம் சின்னப் பசங்க ஆடுறது, நாங்க பிளாக் அண்ட் ஒயிட்தான்" என்று முடித்துவிடுவார். நாலாவது ஆள் சிவப்பைப் பற்றி ஒரு சண்டையை ஆரம்பிப்பார். ஆடும்போது இதில் பிரச்சினையே இல்லை, போர்டைச் சுற்றி உட்கார்ந்ததும் பேசி முடித்துக்கொள்கிறோம். ஆனால் இதை வரலாறாக எழுதி வைக்கப் போனால்? யார் சொன்னதை எழுதுவது? எதை ஆதாரம் என்று ஏற்பது?

விளையாட்டு விதிக்குப் போய் ஆதாரமா என்று சிரிக்காதீர்கள். உலகத்தில் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். மாஜாங் என்ற சீன விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். சீட்டாட்டம் மாதிரி, ஆனால் சீட்டுக்குப் பதில் கட்டைகள். ஜெயித்த கைக்கு எத்தனை புள்ளி என்பது ஊருக்கு ஊர் மாறும், சில ஊர்களில் வீட்டுக்கு வீடு மாறும். 1920-ல் ஜோசஃப் பாப்காக் என்ற அமெரிக்கர் அதைச் சுருக்கி ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகம் போட்டார். அமெரிக்காவில் பைத்தியம் பிடித்தது போல எல்லோரும் ஆட ஆரம்பித்தார்கள். ஆளாளுக்கு ஒரு விதிப்புத்தகம் அச்சடித்தார்கள். குழப்பம் தாங்காமல் 1924-ல் விதிகளை ஒன்றாக்க ஒரு குழுவே போட வேண்டியதாயிற்று. 1937-ல் நியூயார்க்கில் ஒரு சங்கம் தொடங்கித் தனி விதி வகுத்தார்கள். சீன அரசே 1998-ல்தான் போட்டிக்கான பொது விதியை வெளியிட்டது. ஆனாலும் ஹாங்காங் கணக்கு வேறு, சிச்சுவான் கணக்கு வேறு என்பது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பொது விதி வந்துவிட்டதால் தெரு விதி செத்துவிடுவதில்லை. எழுதப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நம்ம ஊர் கேரம் கதையும் ஏறக்குறைய இதேதான். அகில இந்திய கேரம் சம்மேளனம் 1956-ல் உருவானது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டது, அதுவும் நம்ம சென்னையில். மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன் ஆனார். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். காசிமா 2024-ல் அமெரிக்காவில் 3 தங்கம் வாங்கி வந்தார். இந்தப் பக்கத்துக்கு எல்லாம் தாள் இருக்கிறது: விதிப்புத்தகம், ஸ்கோர் ஷீட், சான்றிதழ், செய்தித்தாள். மன்றங்களிலும் மொட்டை மாடியிலும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஆடிய லட்சக்கணக்கான ஆட்டங்களின் பக்கத்துக்குத்தான் தாள் இல்லை.

நான் படிப்பது பி.காம். எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: வவுச்சர் இல்லாமல் கணக்கில் ஒரு வரிகூட எழுதாதே. யாருக்குப் பணம் போனது, என்றைக்கு, எதற்காக என்று ஒரு சீட்டு இருக்க வேண்டும். தெரு விளையாட்டின் விதிக்கும் இதையே பொருத்திப் பார்த்தால் என்ன? எனக்குத் தோன்றிய சில அளவுகோல்களைச் சொல்கிறேன்.

1. தேதி

போட்டி விதியின் பழைய பதிப்புகளில் ஒரு கேமுக்கு 29 பாயிண்ட், சிவப்புக்கு 5. இப்போதைய சர்வதேச விதியில் ஒரு கேமுக்கு 25 பாயிண்ட் (அல்லது 8 போர்டு), சிவப்புக்கு 3. ஒரு பெரியவர் "இருபத்தொன்பதுதான் கேம்" என்று அடித்துச் சொன்னால் அவரைத் திருத்தக் கிளம்பாதீர்கள். அவர் தன் காலத்து விதியைச் சொல்கிறார். "எந்த வருடம் வரை அப்படி ஆடினீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் தவறு போலத் தெரிந்தது ஆதாரமாகிவிடும். எழுதப்பட்ட விதியே இப்படி மாறியிருக்கும்போது எழுதப்படாத விதியைத் தேதி இல்லாமல் குறிப்பது வீண் வேலை.

2. இடம்

தேவநேயப் பாவாணர் 1954-ல் "தமிழ்நாட்டு விளையாட்டுகள்" என்று ஒரு புத்தகம் எழுதினார். மொழி ஆராய்ச்சிக்குப் பெயர் போன அதே பாவாணர்தான். கோலி, கிட்டி போன்ற ஆட்டங்களை எழுதும்போது, தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், பாண்டிநாட்டு முறை, வடசோழநாட்டு முறை என்று வட்டாரம் பிரித்து எழுதியிருக்கிறார். எழுபது வருடத்துக்கு முன்பே அவருக்கு இருந்த இந்த ஜாக்கிரதை இன்று பலருக்கு இல்லை. "தமிழர் பாரம்பரிய விளையாட்டு" என்று தலைப்புப் போட்டு ஒரே ஒரு விதியை எழுதிவிடுகிறார்கள்.

நாங்கள் இருக்கும் மணலி புதுநகரில் வட்டாரம் என்பது இன்னும் சிக்கல். இது சி.எம்.டி.ஏ. மனை பிரித்து உருவாக்கிய ஊர். மணலி ஆலைகளிலும் எண்ணூர் பக்கத்திலும் வேலைக்கு வந்தவர்கள் பல மாவட்டத்துக்காரர்கள். அய்யா வைகுண்டர் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தாலே தெற்கத்திக்காரர்கள் எத்தனை பேர் இங்கே வேர்விட்டிருக்கிறார்கள் என்று தெரியும். ஒரே போர்டில் ராயபுரம் கணக்கும் திருநெல்வேலிக் கணக்கும் எதிரெதிரே உட்காரலாம். ஆகவே "மணலி புதுநகர் விதி" என்று மட்டும் எழுதினால் போதாது. அவர் எந்த ஊரில் கற்றுக்கொண்டார், இப்போது எங்கே ஆடுகிறார், இரண்டும் வேண்டும்.

3. ஆள்

சொன்னவர் தானே அப்படி ஆடியவரா, பார்த்தவரா, கேள்விப்பட்டவரா? மூன்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. அடுத்ததாக, ஒரே மன்றத்தில் ஆடிய ஐந்து பேர் சொன்னாலும் அது ஒரு மன்றத்தின் விதிதான். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு இடங்களில் அதே விதி கிடைத்தால்தான் அது பரவியிருந்தது என்று சொல்லலாம். நாலு இணையப் பக்கங்களில் எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகம் இருந்தால் அவை நாலு வவுச்சர் அல்ல. ஒரே வவுச்சரின் நாலு ஜெராக்ஸ்.

அச்சில் இருப்பதெல்லாம் உசத்தி என்றும் நினைக்க வேண்டாம். போர்டு வாங்கும்போது கூட வரும் விதித்தாள், அந்தக் கம்பெனி என்ன அச்சடித்தது என்பதற்குத்தான் ஆதாரம். தெருவில் யாரும் அதைப் படித்ததே இல்லாமல் இருக்கலாம். அதைவிட ஒரு மன்றத்தின் பழைய போட்டி நோட்டீஸ் மேல். அதில் தேதி, இடம், விதி மூன்றும் இருக்கும்.

4. கூட்டிப் பார்

இது எங்கள் பாடத்திலிருந்து வந்தது. போர்டில் வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. வெள்ளை 20, கறுப்பு 10, சிவப்பு 50 என்றால் மொத்தம் 180 + 90 + 50 = 320. வெள்ளை 10, கறுப்பு 5, சிவப்பு 25 என்றால் 90 + 45 + 25 = 160. சரியாகப் பாதி! அதாவது இருபதா பத்தா என்ற சண்டை உண்மையில் சண்டையே இல்லை, ரூபாயில் எழுதுவதா ஐம்பது பைசாவில் எழுதுவதா என்பது போலத்தான். ஆட்டம் ஒன்றே.

ஆனால் யாராவது வெள்ளை 20, கறுப்பு 10, சிவப்பு 100 என்று சொன்னால் மொத்தம் 370 ஆகிறது. முதல் கணக்கில் சிவப்பின் பங்கு ஏறக்குறைய 16 சதவீதம், இதில் 27 சதவீதம். இது வேறு ஆட்டம். இதில் எல்லோரும் சிவப்பைத் துரத்துவார்கள். ஆகவே எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு ஓடாமல் கூட்டிப் பார்க்க வேண்டும். எது பெயரளவு வித்தியாசம், எது நிஜ வித்தியாசம் என்று அப்போதுதான் தெரியும்.

5. சிக்கலான கேள்வியைக் கேள்

"எப்படி ஆடுவீங்க?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். "சிவப்பைப் போட்டதோட ஸ்ட்ரைக்கரும் உள்ள விழுந்தா?" என்று கேளுங்கள். "ஒரு காய்கூடப் போடாம முதல்லயே சிவப்பை எடுக்கலாமா?" என்று கேளுங்கள். போட்டி விதியில் தன் காய் ஒன்றாவது விழுந்த பிறகுதான் சிவப்புக்கு உரிமை. தெருவில்? "ஃபாலோ விழலைன்னா சிவப்பு நடுவுல போகுமா? ஃபைனுக்குக் காய் வைக்கணுமா, பாயிண்ட் குறைக்கணுமா? கையில காயே இல்லாதவன் ஃபைன் போட்டா கடன் உண்டா?" இந்த மூலைமுடுக்குகளில்தான் ஒரு தெருவின் கையெழுத்து இருக்கிறது.

6. பாடபேதத்தைத் தூக்கிப் போடாதே

உ.வே.சா. 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டார். யாரிடமிருந்து ஏடு கிடைத்தது என்பதைப் பதிவு செய்தார், வேறுபடும் பாடங்களையும் குறித்தார். ஒரு ஏடு மட்டும் சரி, மற்றதெல்லாம் குப்பை என்று வீசியிருந்தால் இன்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. சங்க இலக்கியமும் கேரமும் ஒன்றா என்று கோபப்படாதீர்கள், முறை ஒன்றுதான். இரண்டு தெரு இரண்டு விதமாக ஆடினால் இரண்டையும் எழுதுவோம். "சரியான விதி எது?" என்ற கேள்வி நடுவருக்கு. "எங்கே, எப்போது, யார் இப்படி ஆடினார்கள்?" என்பது வரலாறு எழுதுகிறவனுக்கு.

சரி, இத்தனை மெனக்கெடல் எதற்கு? தாள் வைத்திருப்பவன் கையில் வரலாறு போய்விடுகிறது என்பதற்காக. இந்தியாவின் பச்சீசியிலிருந்து எடுத்த லூடோவுக்கு இங்கிலாந்தில் 1890-களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் ஹென்றி ஹாஸ்கெல் என்பவர் 1890-களில் உருவாக்கிய கேரம் போர்டுக்கும் காப்புரிமைத் தாள் இருக்கிறது. நம் கேரம் எங்கே பிறந்தது என்றால் பாட்டியாலா அரண்மனையில் ஒரு கண்ணாடி போர்டு இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். ஒரு போர்டு ஒரு இடத்தில் இருப்பது அங்கே பிறந்ததற்கு ஆதாரமாகாது. ராஜா வீட்டு போர்டு பத்திரமாக இருக்கும், கூலித் தொழிலாளி வீட்டு போர்டு விறகாகப் போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. "வடசென்னை" படம் 2018-ல் வந்த பிறகு வடசென்னை என்றாலே கேரம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் காசிமேடு, தண்டையார்பேட்டை, எண்ணூர், மணலி எல்லாம் சேர்த்து "வடசென்னை ரூல்ஸ்" என்று யாராவது ஒரு பக்கத்தில் எழுதிவிட்டால் நாளைக்கு அதுவே ஆதாரமாகிவிடும். நம் தெருக்காரர் ஒருவர் தன் விதியைச் சொன்னால், "அப்படியெல்லாம் கிடையாது, நெட்ல வேற மாதிரி போட்டிருக்கு" என்று நம்மவர்களே சொல்வார்கள்.

நம் பக்கம் தாள் தங்குவதும் கஷ்டம். 2015-லும் 2021-லும் 2023-லும் மணலி புதுநகருக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ரேஷன் கார்டையும் மார்க் ஷீட்டையும்தான் எல்லோரும் வெயிலில் காயவைப்பார்கள். மன்றத்து ஸ்கோர் நோட்டை யார் காயவைப்பார்கள்? தாளும் போய், ஆடியவர்களும் போய்விட்டால், அந்தத் தெருவில் அப்படி ஒரு கணக்கு இருந்தது என்பதே போய்விடும்.

ஆகவே நண்பர்களே, பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டில் ஒரு விதிக்கு ஆறு வரி: விதி என்ன, சொன்னவர் ஆடியவரா கேட்டவரா, அவர் வயது, கற்ற ஊர், ஆடிய இடம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. கீழே நீங்கள் எழுதிய தேதி. சொன்னவருக்கு விருப்பமில்லை என்றால் பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும். முடிந்தால் நோட்டை ஒரு போட்டோ எடுத்து வேறொரு இடத்திலும் வைத்துவிடுங்கள். முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். சிவப்போடு ஸ்ட்ரைக்கரும் விழுந்தால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள், மற்றதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.