படகுக் கண்காணிப்புக் கருவிகளும் மீனவர் மனநிலையும்

கடலில் படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தெரிவிப்பவை டிரான்ஸ்பாண்டர் கருவிகள். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது, கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குப் போயிருந்த பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கைப்பேசிக் கோபுரங்களின் எல்லை ஆழ்கடல்வரை நீளாது. அந்தப் பேரிழப்புக்குப் பின் தகவல்தொடர்புக் கருவி கேட்டு மீனவர்களே குரல் எழுப்பினர். 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி எச்சரிக்கையைப் பெற மட்டுமே உதவியது. படகிலிருந்து பதில் அனுப்ப வழியில்லை. பின்னர் வந்த டிரான்ஸ்பாண்டர்கள் அக்குறையைத் தீர்த்தன. ஒரு லட்சம் படகுகளில் இவற்றைப் பொருத்தும் தேசியத் திட்டம் 2024இல் தொடங்கியது.

மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவல்படைக்கும் இக்கருவி பாதுகாப்பு, கண்காணிப்பு இரண்டுக்கும் உதவும். மீனவர் தயக்கம் அந்த இரண்டாவது பயனில்தான் இருக்கிறது: மீன்படும் பார்கள் (கடலடிப் பாறைத் திட்டுகள்) பிறருக்குத் தெரிந்துவிடுமோ, கடல் எல்லை தாண்டியதற்குச் சான்றாகுமோ என்ற அச்சம். இதைப் பழமைப்பற்று என்பது தவறு. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் போன்றவற்றைச் சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள் அவர்கள். பதிவாகும் தரவு யார் கையில் இருக்கும் என்பதே அவர்கள் கேள்வி, அது நியாயமானது.